60 மீட்டர் கயிறு, 500 மீட்டர் பாறை

சுவிட்சர்லாந்தின் கிரிம்சல் கணவாய்க்குக் கீழே ஓர் அணைக்கட்டு ஏரி. அதன் கரையோரப் பாதையில் இரண்டு மணி நேரம் போல நடந்தால் எல்டொராடோ என்ற பெயருள்ள கருங்கல் சரிவின் அடிக்கு வந்துவிடலாம். ஏறத்தாழ 500 மீட்டர் உயரம், பெரும்பகுதி வழவழவென்ற வெறும் பாறை. அங்கே வந்து நிற்கும் இருவரிடம் இருப்பது 60 மீட்டர் கயிறு. மேலிருந்து யாரும் அவர்களுக்குக் கயிறு தொங்கவிடவில்லை. நடுவில் ஏணியோ படியோ கிடையாது. ஆனாலும் மாலைக்குள் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டு இறங்கியும் விடுகிறார்கள். இது எப்படி நடக்கிறது?

முதலில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். கயிறு யாரையும் மேலே தூக்குவதில்லை. ஏறுவது முழுக்கக் கையும் காலும்தான். கயிற்றுக்கு ஒரே வேலை, விழுந்தால் தாங்குவது. அந்த ஒரு வேலையை 60 மீட்டர் கயிற்றைக் கொண்டே 500 மீட்டருக்கும் செய்ய வைக்கும் முறைதான் பல பிட்ச் ஏற்றம்.

பாறையைக் கயிற்றின் நீளத்துக்குள் அடங்கும் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். 25 மீட்டரில் இருந்து 50 மீட்டர் வரை நீளும் ஒவ்வொரு துண்டும் ஒரு பிட்ச். இருவரில் ஒருவர் முன்னவர், மற்றவர் பின்னவர். கயிற்றின் இரு முனைகளும் இருவரின் இடுப்புவாரிலும் எட்டு வடிவ முடிச்சால் கட்டப்பட்டிருக்கும். முன்னவர் ஏறத் தொடங்க, பின்னவர் தன்னைப் பாறையோடு பிணைத்துக்கொண்டு, ஒரு பிரேக் கருவி வழியாகக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறார். வழியில் பாறைக்குள் இறக்கிய எஃகு போல்ட்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் காரபினர் என்ற கொக்கி வளையத்தை மாட்டி, அதனூடே கயிற்றைச் செலுத்திவிட்டு முன்னவர் மேலே போகிறார்.

பிட்ச் முடியும் இடம் நிறுத்தம். கனமான இரண்டு போல்ட்கள், சில சமயம் நிற்க ஒரு சிறு திட்டு, சில சமயம் அதுவும் இல்லாமல் வாரில் சாய்ந்து தொங்க வேண்டியதுதான். முன்னவர் தன்னை அங்கே பிணைத்துக்கொண்டதும், ஜெர்மன் பேசும் பகுதி என்றால், "ஷ்டாண்ட்!" என்று குரல் கொடுக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் கீழே உள்ளவர் பிரேக்கைக் கழற்றலாம். அடுத்து பின்னவர் ஏறுகிறார். அவருடைய கயிறு மேலிருந்து இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருப்பதால் கால் வழுக்கினாலும் பெரிய விழுகை இல்லை. வரும் வழியிலேயே மாட்டிய கொக்கிகளை எல்லாம் கழற்றிச் சேகரித்துக்கொண்டு நிறுத்தத்தை அடைகிறார். அடுத்த பிட்சுக்குப் பெரும்பாலும் அவரே முன்னவர். இப்படிப் பத்து, பன்னிரண்டு முறை.

இந்த விளையாட்டைப் பார்ப்பவர்கள் விரல்களின் வலிமையைத்தான் வியக்கிறார்கள். என் பார்வையில் இதன் உயிர்நாடி நிறுத்தத்தில்தான் இருக்கிறது. ஏன் என்பதற்கு ஒரு சிறிய வகுத்தல் கணக்கு போதும்.

முன்னவர் நிறுத்தத்திலிருந்து 20 மீட்டர் மேலே இருக்கிறார், கடைசியாகக் கயிறு மாட்டிய போல்ட் 18-வது மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். அவர் கால் தவறினால் அந்தப் போல்ட் வரை 2 மீட்டர், அதற்குக் கீழே இன்னொரு 2 மீட்டர், ஆக 4 மீட்டர் விழுவார். அப்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள 20 மீட்டர் கயிறு வெளியே இருக்கிறது. 4-ஐ 20-ஆல் வகுத்தால் 0.2. இப்போது அதே முன்னவர் நிறுத்தத்தை விட்டு 2 மீட்டர் மட்டும் ஏறி, இன்னும் எந்தப் போல்ட்டிலும் கயிறு மாட்டாமல் விழுகிறார். இதிலும் விழுவது 4 மீட்டர்தான். ஆனால் வெளியே உள்ள கயிறு வெறும் 2 மீட்டர். வகுத்தால் 2. இந்த எண்ணுக்கு விழுகை விகிதம் என்று பெயர் வைக்கலாம். கயிறு கொடுக்கும் உலுக்கலின் கடுமையைத் தீர்மானிப்பது விழுந்த உயரம் அல்ல, இந்த விகிதம்தான். பல பிட்ச் ஏற்றத்தில் அது எட்டக்கூடிய உச்சம் 2. அந்த உச்சம் காத்திருப்பது பாறையின் நடுவில் அல்ல, நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும் முதல் இரண்டு மூன்று நகர்வுகளில். அதனால்தான் அனுபவசாலிகள் நிறுத்தத்தைத் தாண்டியதும் முதல் வேலையாக ஒரு கொக்கியை மாட்டுகிறார்கள், அந்த இடம் எவ்வளவு எளிதாக இருந்தாலும்.

கிணற்றில் வாளி இறக்கும் கயிறு நீளாமல் இருந்தால்தான் நல்ல கயிறு. பாறையேற்றக் கயிறு நீளத்தான் வேண்டும். விழுபவரின் வேகத்தை நீண்டு நீண்டு உறிஞ்சுவதே அதன் தொழில். உள்ளே முறுக்கிய நைலான் இழைக் கற்றைகள், அவற்றைச் சுற்றி நெய்த உறை என்ற இன்றைய அமைப்பை ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்தது. பெர்ன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பின் விதிப்படி, ஒற்றைக் கயிற்றில் 80 கிலோ எடையைக் கட்டி, விகிதம் 2-ஐ நெருங்கும் விழுகைக்கு உட்படுத்துகிறார்கள். முதல் விழுகையில் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது; குறைந்தது 5 விழுகைகளுக்கு அறுபடாமல் நிற்க வேண்டும். ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடை தரும் இழுவிசை. உடம்புக்கு வந்து சேரும் அதிர்ச்சிக்கு ஒரு மேல்வரம்பு வைத்து, கயிற்றை அதற்கேற்ப நீளச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் மதிப்பு மிகுந்த சிந்தனையாகத் தோன்றும்.

பிரேக் கருவி கைதவறிப் பள்ளத்தில் விழுந்துவிட்டால்? அகன்ற வாயுள்ள ஒரே ஒரு காரபினரில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் போடும் முடிச்சு அந்த வேலையைச் செய்யும். சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் பரப்பியதால் பல நாடுகளில் அது அவர் பெயராலேயே அறியப்படுகிறது. கயிற்றுக்குக் கயிறே பிரேக். ஏறப் பழகுபவர் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டே போடும் அளவுக்கு அதைக் கற்றுவைத்திருக்க வேண்டும்.

இனி பாறை. எல்டொராடோவின் கருங்கல் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழமையானது. அதை இழைத்து வழவழப்பாக்கியது பனியாறு. பனியாறுகள் நகர்வதையும் பாறையைத் தேய்ப்பதையும் லூயி அகாஸி 1840-களில் ஆராய்ந்தது இதே பள்ளத்தாக்கின் உன்டரார் பனியாற்றில்தான். இப்படி இழைத்த சரிவில் பிடித்துத் தொங்க விளிம்பே இருக்காது. ரப்பர் அடியுள்ள இறுக்கமான காலணியின் முன்பகுதியைப் பாறையில் அழுத்தி, குதிகாலைத் தாழ்த்தி, உடலைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி, உராய்வை மட்டும் நம்பி ஏற வேண்டும். பயந்து பாறையோடு ஒட்டிக்கொண்டால் எடை காலை விட்டு விலகி வழுக்கும். வெண்டன், ரேட்டிகோன் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளோ வேறு மாதிரி. அங்கே கூரிய சிறு விளிம்புகளும் மழைநீர் அரித்த குழிகளும் விரலுக்குக் கிடைக்கும்.

எல்டொராடோவின் மிகப் புகழ்பெற்ற பாதைக்கு மோட்டர்ஹெட் என்று பெயர். க்ளோட் ரெமி, ஈவ் ரெமி என்ற சகோதரர்கள் 1981-இல் அதைத் திறந்தார்கள். ராக் இசைப் பிரியர்கள். ஏறிய பாதைக்கு மோட்டர்ஹெட் என்ற ராக் இசைக்குழுவின் பெயரையே வைத்துவிட்டார்கள். அவர்களுடைய தந்தை மார்செல் ரெமி 2017-இல், தம் 94-வது வயதில், வோ மாநிலத்தில் உள்ள மிருவார் தெ லார்ஜாந்தின் என்ற பெரிய சுண்ணாம்புச் சரிவைக் கயிற்றில் ஏறி முடித்தார். பல பிட்ச் ஏற்றம் இளைஞரின் தசைக்கு மட்டும் உரியது என்று சொல்பவருக்கு வேறு பதில் தேவையில்லை.

போல்ட்களை எவ்வளவு நெருக்கமாக அடிக்கலாம் என்பது சுவிஸ் ஏறுநர்களிடையே நெடுநாள் விவாதம். மிதமான கடினத்தில், நெருக்கமான போல்ட்களோடு, குடும்பத்தோடும் ஏறத் தக்க பாதைகளை யூர்க் ஃபொன் கேனல் தம் பிளெசீர் வழிகாட்டி நூல்களால் 1990-களில் பரவலாக்கினார். எதிர்த்தரப்பு, கையால் எடுத்துவிடக்கூடிய கருவியைச் செருக ஒரு பிளவு இருக்கும் இடத்தில் துளை போடாதே என்கிறது. ரே ஜார்டின் வடிவமைத்து 1978-இல் விற்பனைக்கு வந்த ஃபிரெண்ட் அத்தகைய கருவி. பிளவுக்குள் செருகி விசையை விட்டால் அதன் வளைந்த பற்கள் விரிந்து இருபுறமும் அழுத்திக்கொள்ளும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். நிறுத்தங்களில் உறுதியான போல்ட், பிளவுகளில் ஃபிரெண்ட் என்ற நடுவழியே எனக்குச் சரியாகப் படுகிறது. பாறை அப்படியே இருக்கும், இருவரின் உயிரும் தொங்கும் இடத்தில் ஐயமும் இருக்காது.

வேலைக்குப் போகிறவர்கள் இதற்கு நீண்ட வார இறுதிகளைத்தான் நம்புகிறார்கள். ஈஸ்டருக்குப் பின் வரும் விண்ணேற்ற நாள் வியாழக்கிழமை. வெள்ளிக்கு விடுப்பு எடுத்தால் நான்கு நாள். பெந்தெகொஸ்தே திங்கள் மூன்று நாள் தரும். ஆகஸ்ட் 1 தேசிய நாள். ஆனால் நாட்காட்டியும் மலையும் ஒத்துப்போவதில்லை. மே மாதத்தில் 2164 மீட்டர் உயர கிரிம்சலும் 2429 மீட்டர் உயர ஃபூர்காவும் பெரும்பாலும் பனியால் மூடியே கிடக்கும். அப்போது கோட்ஹார்ட் சுரங்கத்தைத் தாண்டித் தெற்கே டிச்சீனோவுக்குப் போய், பொன்டே புரோல்லாவின் வெதுவெதுப்பான பாறைகளில் ஏறுவார்கள். வடக்கே மழை கொட்டும் பல நாட்களில் தெற்கே வெயிலடிப்பதும் உண்டு.

கோடையில் ஸால்பிட்ஷியென் போன்ற கருங்கல் முகடுகள் அழைக்கும். ரயிலில் கோஷெனன், அங்கிருந்து பள்ளத்தாக்கு, பிறகு சுமையோடு 2105 மீட்டரில் உள்ள ஸால்பிட் குடிலுக்கு ஏற்றம். 1863-இல் தொடங்கிய சுவிஸ் ஆல்பைன் கிளப் இத்தகைய குடில்களை நாடெங்கும் 150 அளவில் வைத்திருக்கிறது. முன்பதிவு கட்டாயம். பூட்ஸை வாசலில் விட்டுக் குடில் செருப்பு மாட்டிக்கொண்டு, நீண்ட மேசையில் எல்லோரோடும் சூப் குடித்து, வரிசையாகப் போட்ட மெத்தைகளில் படுக்க வேண்டும். மறுநாள் எந்தப் பாதை என்பதைக் குடில் ஏட்டில் எழுதிவிடுவது முக்கியம். திரும்பாதவரைத் தேடப் போகிறவர்களுக்கு அதுதான் முதல் தடயம்.

விடியும் முன்பே எழுவதற்குக் காரணம் இன்னொரு கணக்கு. 12 பிட்ச் பாதை. முன்னவருக்கு 20 நிமிடம், பின்னவருக்கு 15, நிறுத்தத்தில் ஆள்மாற 5 என்றால் பிட்சுக்கு 40 நிமிடம், மொத்தம் 8 மணி நேரம். நிறுத்தத்தில் கயிறு சிக்கி, கொக்கிகளைத் தேடி, அந்த 5 நிமிடம் 15 ஆகிவிட்டால் 10 மணி நேரம். ஏறும் வேகம் கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் இரண்டு மணி நேரம் போய்விட்டது. கோடையில் வெயிலில் சூடான காற்று மேலெழுந்து பிற்பகலில் இடிமேகமாகத் திரளும். உலோகக் கருவிகளை இடுப்பில் சுமந்தபடி முகட்டில் நிற்பவருக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் எல்லாம்.

உச்சியோடு வேலை முடிவதும் இல்லை. நடந்திறங்க வழியில்லாத இடத்தில் கயிற்றில் இறங்க வேண்டும். நிறுத்தத்தின் வளையத்தில் கயிற்றை இரட்டையாகப் போட்டு இறங்கி, கீழிருந்து ஒரு முனையை இழுத்து உருவிக்கொள்வார்கள். 60 மீட்டர் கயிறு இரட்டையானால் 30 மீட்டர்தான். அதனால்தான் பலர் மெல்லிய இரண்டு கயிறுகளாக எடுத்துப் போகிறார்கள். ஏறும்போது இரண்டும் சேர்ந்து தாங்கும், இறங்கும்போது முடிந்துகொண்டால் முழு 60 மீட்டர் கிடைக்கும். கயிற்றின் கீழ்முனைகளில் முடிச்சுப் போடாமல் இறங்கி, முனை நழுவி விழுந்தவர்கள் உண்டு. களைத்த மாலையில் மறக்கக்கூடிய, மறக்கவே கூடாத முடிச்சு அது.

களைப்பு என்ன செய்யும் என்பதற்கு இத்தாலிய எல்லையில் உள்ள பீட்ஸ் படீலே சாட்சி. 1937 ஜூலையில் ரிக்கார்டோ கஸ்ஸினும் இரு தோழர்களும் அதன் வடகிழக்குச் சுவரை முதன்முதலாக மூன்று நாளில் ஏறினார்கள். சுவரில் அவர்களோடு சேர்ந்துகொண்ட கோமோ நகரத்து இளைஞர்கள் மோல்தேனியும் வால்செக்கியும் உச்சியை அடைந்த பிறகு, புயலில் வலுவிழந்து உயிரிழந்தார்கள். அந்தச் சுவரின் மிகக் கடினமான பகுதிகளை எல்லாம் அவர்கள் அப்போது கடந்துவிட்டிருந்தார்கள்.

பாறையும் நிலையாக நிற்பதில்லை. படீலேயின் பக்கத்து மலை செங்காலோவிலிருந்து 2017 ஆகஸ்ட் 23 அன்று சுமார் 30 லட்சம் கன மீட்டர் பாறை சரிந்தது. எட்டு மலைநடையாளர்கள் இறந்தார்கள். சேற்றுப் பெருக்கு போண்டோ கிராமம் வரை வந்தது. உயரங்களில் பாறைப் பிளவுகளைச் சிமென்ட் போலப் பிடித்திருக்கும் நிரந்தர உறைபனி வெப்பமேறி இளகிவருவதை விஞ்ஞானிகள் கவனித்துவருகிறார்கள். பழைய வழிகாட்டி நூலை மட்டும் நம்பாமல், அந்த வாரத்து நிலையைக் குடில் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புவது இன்று அவசியமாகிவிட்டது.

தொடங்க விரும்புகிறவர் முதலில் தரையில் நின்றபடியே நிறுத்தம் கட்டுவதையும் ஆள்மாறுவதையும் பழக வேண்டும்; ஒரு மரமும் ஸ்லிங்கு என்ற நாடா வளையங்கள் இரண்டும் போதும். ஆல்பைன் கிளப்பின் கிளைகள் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. சான்று பெற்ற வழிகாட்டியோடு இரண்டு மூன்று பிட்ச் பாதைகளில் முதல் பருவம் முழுக்கப் பின்னவராகவே ஏறலாம். முன்னவர் கட்டிய ஒவ்வொரு நிறுத்தத்தையும் அருகில் பார்க்கும் வாய்ப்பு பின்னவருக்குத்தான் கிடைக்கிறது. தலைக்கவசம், மழைச்சட்டை, நெற்றி விளக்கு மூன்றும் பையில் இருக்கட்டும். 1952 முதல் இயங்கும் சுவிஸ் வான்மீட்புப் படையான ரேகாவின் எண் 1414-ஐத் தொலைபேசியில் பதிந்துகொள்ளட்டும்.