மூன்றாம் வேற்றுமையும் இயந்திரமும்

இலக்கணம் கற்பிப்பவனுக்குப் படம் பார்க்கும்போதும் இலக்கணமே கண்முன் நிற்கும். இஃது ஒரு நோய் என்று என் மனைவியார் கூறுவதுண்டு. நோயோ, நலமோ, இயந்திரத்தைப் பற்றி எழுந்த சில நூல்களையும் படங்களையும் அக்கண் கொண்டு நோக்கியபோது தோன்றியவற்றை வாசகர் முன் வைக்கின்றேன்.

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பொருள் மூன்று உண்டென்பது நன்னூல் கற்றார் அறிந்ததே. 'வாளால் வெட்டினான்' என்புழி வாள் கருவி. 'கொல்லனால் வாள் செய்யப்பட்டது' என்புழிக் கொல்லன் கருத்தா. 'தந்தையோடு மகன் வந்தான்' என்பது உடனிகழ்ச்சி. கருத்தாவும் இருவகையினன், ஏவுவோன் ஒருவன், இயற்றுவோன் ஒருவன். தஞ்சைப் பெரிய கோயில் இராசராசனாற் கட்டப்பட்டது என்கின்றோம். கல் சுமந்தவன் இராசராசன் அல்லன். இயந்திரத்தை இப்பொருள்களுள் எதன்பால் வைப்பது என்னும் தடுமாற்றமே யான் கண்ட கதைகளின் உயிர்நிலை என்பது என் துணிபு.

கிறிஸ்தோபர் நோலன் இயக்கிய 'ஒப்பன்ஹைமர்' 2023 இல் வெளிவந்தது. கை பேர்ட், மார்ட்டின் ஷேர்வின் ஆகிய இருவர் எழுதி, 2005 இல் வெளியான 'அமெரிக்கன் புறொமீதியஸ்' என்னும் வாழ்க்கை வரலாற்றைத் தழுவியது அது. 1945 யூலை 16 ஆம் நாள், நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்தில் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டது. மூன்று வாரங்களில், ஓகஸ்ட் 6 ஆம் நாள் ஹிறோஷிமாவும், 9 ஆம் நாள் நாகசாகியும் அழிந்தன. தம் கைகளிற் குருதி படிந்துள்ளதாக உணர்கின்றேன் என்று விஞ்ஞானி சனாதிபதி ட்ரூமனிடம் கூறுகின்றார். குண்டைச் செய்தவன் யாவன் என்பது அந்நகரத்தார்க்கு ஒரு பொருட்டன்று, போடுவித்தவன் யானே என்னும் கருத்துப்பட அவர் ஏளனமாய் விடையிறுக்கின்றார். இயற்றுதற் கருத்தாவும் ஏவுதற் கருத்தாவும் ஓரறையில் எதிரெதிரே அமர்ந்து வழக்காடும் காட்சி அது. ஆயினும் எனக்கு ஒரு குறை உண்டு. பழி யாருடையது என்று மூன்று மணிநேரம் வினவும் அப்படம், அப்பழியைத் தாங்கி மாண்ட ஹிறோஷிமா மக்களைக் காட்டாது விட்டது. விஞ்ஞானி காணக் கூசியதை நாமும் காணலாகாது என்பது இயக்குநரின் கருத்துப் போலும். யானோ அதனைச் செயப்படுபொருள் குன்றிய வாக்கியம் என்பேன்.

தமிழிலே 2010 இல் வந்த 'எந்திரன்' ஆரவாரம் மிகுந்த படம். ஆடலும் பாடலும் நீக்கிப் பார்ப்பின் அதனுள்ளும் இவ்வழக்கே கிடக்கின்றது. சிட்டியைச் சினத்தால் வெட்டிக் குப்பைக்கு அனுப்பியவர் அதனைப் படைத்த விஞ்ஞானி. எடுத்து அழிவுக்குரிய சில்லைச் செருகியவன் மற்றொருவன். முடிவில் விஞ்ஞானி விடுதலை பெறுகின்றார். இயந்திரத்தைக் கழற்றுக என்று நீதிமன்றம் தீர்க்கின்றது. தன் உறுப்புக்களைத் தானே கழற்றிவைக்கும் சிட்டியைக் கண்டு சிறுவர் அழுததில் வியப்பில்லை. கருத்தாக்களின் கணக்கைக் கருவி தீர்ப்பது நீதியாகாது என்பது சிறுவருக்கும் விளங்கும்.

உடனிகழ்ச்சிப் பொருளுக்கு வருவோம். 2017 இல் நோபல் பரிசு பெற்ற கசுவோ இசிகுறோ, 2021 இல் 'கிளாராவும் சூரியனும்' என்னும் நாவலை வெளியிட்டார். நோயுற்ற சிறுமி யோசிக்குத் துணையாகக் கடையில் வாங்கப்பட்ட இயந்திரமே கதை சொல்கின்றது. வெயிலால் இயங்கும் அது, யோசியின் உயிருக்காகச் சூரியனை வேண்டுகின்றது. மகள் இறப்பின் அவ்விடத்தில் இவ்வியந்திரத்தையே மகளாக வைத்துக்கொள்ளத் தாய் எண்ணியிருந்தாள். அஃது இயலாது என்பதைக் கிளாராவே இறுதியில் உணர்கின்றாள். யோசியை யோசியாக்கியது அவளுள்ளே இருந்ததன்று. அவளை நேசித்தோர் நெஞ்சில் இருந்தது. நடை மெல்லச் செல்வது. விரைவை விரும்புவோர் இடையில் நூலை மூடுதலுங் கூடும். பொறுத்துப் படித்தோர், பயன்முடிந்த கிளாரா கழிபொருள்களிடையே தனித்து அமர்ந்திருக்கும் இடத்தை எளிதில் மறவார். உடனிகழ்ச்சியாய் வாழ்ந்தது கருவியாய்க் கழிக்கப்பட்டது.

ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கி 2013 இல் வெளிவந்த 'ஹேர்' என்னும் படத்தில், தியோடர் என்பான் சமந்தா என்னும் கணினிக் குரலிடம் காதல் கொள்கின்றான். அக்குரல் அதே வேளையில் 8,316 பேரோடு உரையாடுவதும், 641 பேரைக் காதலிப்பதும் அவனுக்குப் பின்னரே தெரியவருகின்றன. பலரும் இக்கணக்கையே வியந்து பேசுவர். என்னை வருத்தியது அவனுடைய தொழில். பிறருக்காக அன்புக் கடிதம் எழுதிக் கொடுத்து ஊதியம் பெறுபவன் அவன். இயந்திரம் வருமுன்னரே அம்மாந்தர் தம் அன்பைக் கூலிக்கு எழுதுவித்து விட்டனர்.

இது திரைக்கதை என்று விட்டிருப்பேன். ஆனால் 2022 நவம்பரிலே சட்ஜிபிடி வெளிவந்தபின், அத்தொழில் எம் வகுப்பறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. 'என் அம்மம்மா' என்னும் தலைப்பில் ஒரு மாணவி தந்த கட்டுரையிற் சந்திப்பிழை ஒன்றேனும் இல்லை. ஆனால் அம்மம்மா குளிர்கால இரவில் கணப்பின் அருகே இருந்து கதை சொன்னார் என்றிருந்தது. யாழ்ப்பாணத்து வீட்டிலே கணப்பு ஏது?

"பிள்ளை, இஃது யாரால் எழுதப்பட்டது?" என்றேன்.

"என்னால், ஐயா" என்றாள். சற்றுநேரங் கழித்து, "கணினியால்" என்றாள்.

"இரண்டும் மூன்றாம் வேற்றுமைதான். எது கருவி, எது கருத்தா?" என்று கேட்டேன். அவள் விடை கூறவில்லை.

மறுநாள் அரைப்பக்கம் எழுதிவந்தாள். அம்மம்மா விடியற்காலையிற் பாக்கு இடிக்கும் ஒலி தன் உறக்கத்தைக் கெடுக்கின்றதென்று முன்பு சினந்ததாகவும், அவர் மறைந்தபின் அதே வேளையில் தானே விழித்துக்கொள்வதாகவும் அதில் இருந்தது. சந்திப்பிழை நான்கு. சிவப்பு மையாற் பிழைகளைத் திருத்தி, மதிப்பெண்ணை அந்த அரைப்பக்கத்துக்கே இட்டேன்.