பெட்டிக்குள் அடங்கிய கண்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் சேலையூரைத் தாண்டினால் ராஜகீழ்ப்பாக்கம். அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் ஓர் ஏரி மிஞ்சியிருக்கிற ஊர். ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த ஏரியோரம் பாசி படிந்த நீரில் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால், செருப்பு வடிவத்தில் பாரமீசியம் நீந்தும். பச்சைக் கயிறு போல் பாசியிழை கிடக்கும். பள்ளிப் பாடத்தில் படித்ததுதான் என்றாலும் கண்ணால் பார்ப்பது வேறு.

ஆனால் மைக்ராஸ்கோப் இருப்பது ஆய்வகத்தில், சொட்டு நீர் இருப்பது ஏரியில். நீரைப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோகலாம். காய்ச்சலில் துடிக்கும் நோயாளியையோ, காட்டில் பிடித்த கொசுவையோ அப்படி எடுத்துப்போக முடியாது. அதனால் கருவியே அவர்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. கையோடு எடுத்துச் செல்லும் மைக்ராஸ்கோப் இந்தத் தேவையில் பிறந்தது. அதைச் செய்தவர்களில் பலர் பேராசிரியர்கள் அல்லர். லண்டன் தெருக்களில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கைவினைஞர்கள்.

1702-இல் ஜேம்ஸ் வில்சன் என்பவர் ராயல் சொசைட்டியின் இதழில் சட்டைப்பையில் அடங்கும் ஒரு மைக்ராஸ்கோப்பை விவரித்தார். விரல் நீளக் குழாய் ஒன்று. மரையைத் திருகினால் லென்ஸ் பொருளை நெருங்கும் அல்லது விலகும். கண்ணாடி ஸ்லைடு அப்போது இல்லை. தந்தத்தில் சிறு பட்டை செய்து, அதில் ஓட்டைகள் போட்டு, ஒவ்வோர் ஓட்டையிலும் இரண்டு அபிரகத் தகடுகளுக்கு நடுவே ஈயின் இறகையோ செடியின் தோலையோ வைத்தார்கள். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இந்த வகைக் கருவி நீண்ட காலம் விற்றது.

ஃப்ளீட் தெருவில் கடை வைத்திருந்த ஜான் கஃப் இன்னொரு தேவைக்கு விடை கண்டார். குளத்து உயிர்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தொடர வேண்டுமானால் லென்ஸும் நகர வேண்டும். கிண்ணத்து நீருக்கு மேலே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் லென்ஸ் நகரும்படி ஒரு கருவியை அவர் செய்தார். பவளப்பாசிகளை ஆராய்ந்த ஜான் எல்லிஸ் அதைப் பயன்படுத்தியதால் அது எல்லிஸின் பெயராலேயே அறியப்பட்டது. செய்தவர் பெயரைவிடப் பார்த்தவர் பெயர் நிலைப்பது இந்த வரலாறு நெடுகிலும் நடந்திருக்கிறது. இந்தக் கருவி மீன்தோல் போர்த்திய சிறு பெட்டிக்குள் கழற்றி அடுக்கும்படி இருந்தது.

1820-களில் வில்லியம் கேரியின் கடையில் வேலை பார்த்த சார்லஸ் கூல்டு வடிவமைத்த சிறு மைக்ராஸ்கோப் இதைவிட அழகான யோசனை. பெட்டியே கருவிக்கு நிற்கும் மேடை. மூடியில் உள்ள துளையில் பித்தளைத் தண்டைத் திருகி நிறுத்தினால் மைக்ராஸ்கோப் தயார். வேலை முடிந்ததும் கழற்றி உள்ளே வைத்து மூடினால், மகாகனி மரத்தில் செய்த கைக்கடக்கமான பெட்டி. வண்டியிலோ படகிலோ போகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! இவற்றில் பல இன்றும் வேலை செய்கின்றன. 1831-இல் பீகிள் கப்பலில் ஏறிய சார்லஸ் டார்வினும் பேங்க்ஸ் நிறுவனம் செய்த ஓர் எளிய மைக்ராஸ்கோப்பை எடுத்துச் சென்றார்.

இந்தக் கதை தமிழ்நாட்டைத் தொடும் இடம் மலேரியா.

அல்மோராவில் பிறந்த ரொனால்ட் ராஸ், 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். தொடக்க ஆண்டுகளில் மதராஸ் மாகாணத்தில் பணி. லண்டனில் 1894-இல் மருத்துவர் பேட்ரிக் மேன்சனைச் சந்தித்த பிறகு, கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உறவு உண்டா என்ற கேள்வி அவரை விடவில்லை. பயணத்துக்கு ஏற்ற மைக்ராஸ்கோப் ஒன்றை அவரே வடிவமைத்தார். லண்டன் ஹை ஹோல்பர்னில் இருந்த சார்லஸ் பேக்கர் நிறுவனம் அதைச் செய்தது. ஒரு மருத்துவரே கருவியின் வடிவத்தைச் சொல்ல, கைவினைஞர்கள் அதைப் பித்தளையில் வார்த்தது இங்கே கவனிக்க வேண்டியது. எது தேவை, எது வீண் பளு என்பது நோயாளிகளிடம் அலைந்தவருக்குத்தான் தெரியும்.

மலேரியாக் கிருமியைப் பார்ப்பது எளிதன்று. சிவப்பணுவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்று நாற்பதில் ஒரு பங்கு. கிருமி அதற்குள்ளே ஒளிந்திருக்கும். ஆயிரம் மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு துளி எண்ணெய் விட வேண்டும். அந்த அளவில், மேசையை யாராவது தொட்டாலும் படம் ஆடும். கருவி சிறியதாக இருக்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டையும் ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்ததுதான் அந்தக் கைவினைஞர்களின் சாதனை. மின்விளக்கு கிடையாது, கீழே உள்ள சிறு கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தையோ விளக்கொளியையோ மேலே அனுப்பினார்கள்.

1897-இல் விடுப்பில் ஊட்டிக்கு வந்த ராஸ், ஓய்வெடுக்கவில்லை. மலையிலிருந்து இறங்கும் சீகூர் கணவாயில் மலேரியா பரவியிருந்தது, அங்கே தேடிப்போனார். தேடிய நோய் அவரையே பிடித்துக்கொண்டது. நீலகிரியின் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. அதே ஆண்டு செகந்திராபாத்தில், உசேன் கான் என்ற மலேரியா நோயாளி தம்மைக் கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா பெற்றுக்கொண்டு ஆய்வுக்கு உதவினார். ஆகஸ்ட் வெக்கையில் பங்கா இழுக்கச் சொல்லவும் வழியில்லை. காற்றில் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும். நெற்றியிலிருந்தும் கைகளிலிருந்தும் வழிந்த வியர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்தன. மிச்சமிருந்த ஒரே கண்வில்லையும் விரிசல் விட்டிருந்தது. இதை ராஸே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்தக் கருவியில்தான் 1897 ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமியின் உருண்டைகளை அவர் கண்டார். 1902-இல் நோபல் பரிசு. அந்த ஆகஸ்ட் 20-ஐ உலகம் இன்றும் கொசு தினமாகக் கடைப்பிடிக்கிறது.

உசேன் கானின் பெயரும் பேக்கர் கடைப் பட்டறையில் திருகு கடைந்தவர்களின் பெயர்களும் அந்த வெற்றியில் சேர்ந்தவை. முன்னவரின் பெயராவது நமக்குக் கிடைத்திருக்கிறது.

மதராஸிலும் இதே தேடல் நடந்துகொண்டிருந்தது. 1903-இல் அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் காலா-அசார் என்ற நோயின் கிருமியைக் கண்டார். வில்லியம் லீஷ்மன் அதே ஆண்டு இங்கிலாந்தில் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டிருந்ததால், இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மானியா டோனவானி என்று பெயரிட்டவர் ராஸ். சென்னை மருத்துவமனை ஒன்றின் மைக்ராஸ்கோப் மேசையில் நடந்த வேலை, உலகம் முழுதும் படிக்கும் ஒரு பெயரில் நிற்கிறது.

தாம்பரத்துக்கு வருவோம். 1928-இல் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம், ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்தது. காசநோயாளியின் சளியில் கிருமியைச் சிவப்புச் சாயமேற்றித் தேடுவதே நீண்ட காலம் முக்கியமான பரிசோதனையாக இருந்தது. அதற்கு எக்ஸ்-ரே அறை வேண்டியதில்லை. ஒரு மைக்ராஸ்கோப்பும் பழகிய கண்ணும் போதும். 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரியின் காடு போன்ற வளாகமும் இங்கேதான். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் இந்தப் பகுதியில் லென்ஸ் வழியே உலகத்தைக் கண்டிருக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் ஜான் மெக்ஆர்தர் என்ற மலேரியா மருத்துவர், வட போர்னியோவின் காடுகளில் வேலை செய்தவர், ஒளியின் பாதையையே மடித்தார். குழாயை நீளமாக விடாமல் பட்டகங்களால் ஒளியைத் திருப்பி, முழு மைக்ராஸ்கோப்பையும் ஒரு கேமராவின் அளவுக்குச் சுருக்கினார். ஸ்லைடைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். பின்னாளில் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வீட்டில் படிக்கும் மாணவர்களுக்காக இதைப் பிளாஸ்டிக்கில் செய்து அனுப்பியது.

மீரட்டில் பிறந்த மனு பிரகாஷ், ஸ்டான்ஃபோர்டில் தம் மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியுடன் 2014-இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப் காகிதத்தை மடித்துச் செய்தது. ஒரே ஒரு குண்டு லென்ஸ், மூலப்பொருளுக்கு ஒரு டாலருக்கும் குறைவான செலவு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மைக்ராஸ்கோப் முன்னோடி லேவன்ஹுக் பயன்படுத்திய அதே ஒற்றை லென்ஸ் யோசனைதான். ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கு ஒரு பள்ளிப் பிள்ளை இன்று இதைப் பையில் போட்டுக்கொண்டே போகலாம்.

பழைய பித்தளைக் கருவிகளுக்கு மட்டும் நம் ஊர்க் காற்று ஆகாது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் லென்ஸில் பூஞ்சை படரும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பிசின் வெண்மையாகிப் பிரியும். பித்தளைக்கு மேலே பூசியிருக்கும் பொன்னிற மெருகு பெரும்பாலும் அரக்கால் ஆனது. அந்த அரக்கில் மிகுதியும் இந்தியாவிலிருந்து போனது. குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்தால் அந்த மெருகு போய்விடும். மீட்க முடியாது.

தாத்தா மருத்துவராகவோ கல்லூரி ஆசிரியராகவோ இருந்த வீடுகளில், பரணில் ஒரு மரப்பெட்டி கிடக்கக்கூடும். பழைய பித்தளையாக எடைக்குப் போடுவதற்கு முன், கருவியின் அடிப்பாகத்திலோ குழாயிலோ செதுக்கிய பெயரைப் படித்துப் பாருங்கள். மென்மையான துணியால் தூசியைத் துடையுங்கள். புளியும் சாம்பலும் வேண்டாம். லென்ஸ்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உலர்ந்த இடத்தில் வையுங்கள். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறையிடம் கேட்டுப் பாருங்கள்.