மண்ணுக்கு வந்த உத்தரவு

இரானி சாய் ஆறுவதற்குள் உன் கேள்வியை எடுத்துக்கொள்வோம், தம்பி. உலகத்தைக் கடவுள் படைத்தாரா, அது தானாக உருவானதா என்று கேட்டாய். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பார். அங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை.

வெளிச்சம் உண்டாகும்போது நடுவில் யாரும் இல்லை, சொன்னார், ஆயிற்று. மூன்றாம் நாள் அப்படியல்ல. புல்லை முளைப்பிக்கும்படி நிலத்துக்கு உத்தரவு போகிறது. ஐந்தாம் நாள் தண்ணீருக்கு. ஆறாம் நாளைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். 24ஆம் வசனத்தில் மிருகங்களைப் பிறப்பிக்கும் பொறுப்பு நிலத்துக்கு. அடுத்த வசனமே அவற்றைக் கடவுள் உண்டாக்கினார் என்கிறது. எழுதியவருக்கு இது முரண்பாடாகவே படவில்லை.

சைவ சித்தாந்தத்தில் பானையை வைத்துக் காரணம் மூன்று சொல்வார்கள்: மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனை மண்ணால் உருவாக்கும் இடத்துக்கு இது ஓரளவு பொருந்தும். முதல் அதிகாரத்துக்குப் பொருந்தாது. எந்தக் குயவனும் மண்ணைப் பார்த்து, "நீயே பானையைக் கொடு" என்று சொல்வதில்லையே!

நாலாம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார், அந்த உத்தரவு அன்றோடு தீரவில்லை, நிலத்திலேயே தங்கி இன்றும் நடக்கிறது என்று பிரசங்கித்தார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனஸ் இன்னும் கறார்: பாதி கடவுள், பாதி இயற்கை என்று பங்கு பிரிக்காதே, விளைவு முழுக்க அவருடையது, முழுக்க இயற்கையுடையதும்கூட.

இந்தத் திருமுல்கேரிச் சுற்றுவட்டாரத்துப் பாறைகளையே பார். கிரானைட், வயது சுமார் 250 கோடி ஆண்டு. மண்ணுக்கடியில் கிடந்தபோதே வெடிப்புகளில் தண்ணீர் இறங்கியது. மூலைகள் முதலில் உதிர்ந்தன, பாறை உருண்டையானது. மேல்மண் கரைந்து போனபின், யாரோ அடுக்கி வைத்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று நிற்கிறது. இந்த விளக்கத்தில் ஒரு வரியைக்கூடக் கடவுளுக்காக அழிக்க வேண்டாம். அறிவியலுக்கு எட்டாத இடுக்கில்தான் கடவுள் இருக்கிறார் என்று சிலர் பேசுவது எனக்கு ஒவ்வாது. ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் அவர் ஓரடி பின்வாங்க வேண்டியிருக்கும்.

"அப்படியானால் அவருக்கு என்ன வேலை?" என்பாய். மண் என்று ஒன்று இருப்பதும், அதற்கு முளைப்பிக்கும் திறன் இருப்பதும் யாரால் என்பதே வேதம் பேசும் விஷயம். இரண்டாம் அதிகாரம் 5ஆம் வசனத்தையும் வீட்டில் எடுத்துப் பார். வயலில் பயிர் பச்சை இன்னும் இல்லை. அதற்கு அங்கே சொல்லும் காரணம் இரண்டு: கடவுள் மழையை அனுப்பவில்லை, நிலத்தைப் பண்படுத்த ஆளும் இல்லை.