நடைவழி – 9: குதிரைக்கே முதல் மரியாதை

கலிபோர்னியாவின் மலைப்பாதைகளில் அடிக்கடி கண்ணில் படும் மஞ்சள் முக்கோணப் பலகை ஒன்று உண்டு. அதில் சைக்கிள்காரர், நடப்பவர், குதிரை என்று மூன்று உருவங்கள். சைக்கிள் மற்ற இருவருக்கும் ஒதுங்க வேண்டும். நடப்பவர் குதிரைக்கு ஒதுங்க வேண்டும். குதிரை யாருக்கும் ஒதுங்க வேண்டியதில்லை. நம் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் கோர்ட்டு வரை போவார்கள். இங்கே பலகையோடு விஷயம் முடிந்தது.

இந்த வாரம் நாம் நடப்பது ஓக்லாந்தை அடுத்த குன்றுகளுக்கு நடுவே இருக்கும் லேக் ஷபோ. ஏரியை முழுதாகச் சுற்றிவர சுமார் 14 கி.மீ. முழங்கால் ஒத்துழைத்தால் அரை நாள் போதும். படகுத்துறையிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கொஞ்ச தூரம் தார்ப்பாதை. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர்கள், தூண்டில்காரர்கள் எல்லாம் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஃப்ரீமான்ட் பக்கமிருந்து வரும் நம்மவர்களும் பெரும்பாலும் அதோடு காருக்குத் திரும்பிவிடுகிறார்கள். பாவம், நல்ல பகுதியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மண்பாதையில் குதிரை எதிர்ப்பட்டால் சரிவின் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நின்று, ஒரு ‘ஹலோ’ சொல்ல வேண்டும். அது குதிரைக்காரருக்கு மட்டுமல்ல, குதிரைக்கும்தான். தொப்பியும் முதுகுப்பையுமாக நிற்கிற உருவம் மனுஷன்தான் என்று அதற்குத் தெரிய வேண்டுமே. குரல் கேட்டதும் காது இரண்டும் நம் பக்கம் திரும்பும்; பிறகு நிதானமாகக் கடந்து போகும். மரியாதை என்று நினைத்துக்கொண்டு புதருக்குள் சத்தமில்லாமல் நின்றால் மிரளும். மலைச்சிங்கம் உலவும் காடு இது. இரைக்குக் காத்திருக்கும் மிருகமும் அப்படித்தானே நிற்கும்?

ஒதுங்கும்போது காலடியைப் பாருங்கள். ஒரு காம்பில் மூன்று இலை, பளபளப்பு, இலையுதிர் காலத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. அதுதான் பாய்சன் ஓக். பட்டால் கொப்புளமும் அரிப்பும் நாள் கணக்கில் நீடிக்கும். இலை கொட்டிய வெறும் குச்சியும் அதே வேலையைச் செய்யும். பெயரில்தான் ஓக்; உண்மையில் இது மா, முந்திரி, சேங்கொட்டைக் குடும்பம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்த கைகளைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. பட்டது தெரிந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

கரையை விட்டு மேலேறும் ஹாங்கர் பே பாதையில் மூச்சு வாங்கும். மேலே போகப் போக நீலகிரித் தைல வாசனை. ஊட்டிக்காரர் யாரையாவது கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து விட்டால் தொட்டபெட்டா என்றுதான் சொல்வார். தோல் உரிந்து நாடா நாடாவாகத் தொங்கும் அதே புளூகம் யூகலிப்டஸ். காலடியில் அதே பொத்தான் காய்கள். தாஸ்மேனியாவிலும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் பிறந்த இந்த மரத்தை நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது 19ஆம் நூற்றாண்டில், விறகுக்காக. ஓக்லாந்துக் குன்றுகளில் ஃபிராங்க் ஹேவன்ஸ் என்ற நில வியாபாரி 1910ஐ ஒட்டி லட்சக்கணக்கில் நட்டது பலகைக்காக. அறுத்துக் காயவைத்தபோது மரம் முறுக்கிக்கொண்டது, வெடித்தது. வியாபாரம் படுத்தது, காடு நின்றுவிட்டது.

1991 அக்டோபரில் ஓக்லாந்துக் குன்றுகளில் பரவிய தீயில் 25 பேர் இறந்தார்கள். எண்ணெய்ப் பசை கொண்ட இந்த மரங்களின் மீதும் பழி விழுந்தது. வெட்டுவதா, விடுவதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நீலகிரியிலும் அயல் மரங்களின் வழக்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வீடுகளை ஒட்டியிருப்பதை வெட்டத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் இந்த ஏரிக்கு வந்து சேர்ந்த வெண்தலைக் கழுகுகள் கூடு கட்டியதும் ஒரு யூகலிப்டஸில்தான். அயல் மரம் என்று அவை பார்க்கவில்லை.

இறங்கி மறுகரைக்கு வந்தால் அணை. ஆம், இது இயற்கை ஏரியல்ல. ஆன்டனி ஷபோ என்பவர் ஓக்லாந்தின் குடிநீருக்காக 1874-75இல் கட்டிய மண் அணையில் தேங்கிய தண்ணீர். நூற்றுக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் மண் வெட்டினார்கள். ரோடு ரோலர் இல்லாத காலம். கொட்டிய மண்ணை இறுக்க, காட்டுக் குதிரைகளை அதன்மேல் இங்கும் அங்கும் விரட்டி மிதிக்க வைத்தார்கள். அந்தக் கதையைப் படித்த பிறகு, பலகையில் குதிரைக்கு முதலிடம் இருப்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை.

தொழிலாளர்களுக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. அணை எழுந்த சில ஆண்டுகளில், 1882இல், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதையே அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்தது. அவர்கள் தங்கியிருந்த யெமா-போ என்ற குடியிருப்பை ஆய்வாளர்கள் அணையருகே தோண்டியபோது கிடைத்தவை சோற்றுக் கிண்ணங்களும் ஜாடித் துண்டுகளும். பொதுமக்களுக்கு ஏரி திறக்கப்பட்டதோ 1966இல்தான். அவசரகாலக் குடிநீர் என்பதால் இன்றும் இதில் நீந்த முடியாது. வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து தண்ணீரைப் பார்க்க மட்டும் செய்வது கொஞ்சம் கொடுமைதான்.

அணையிலிருந்து படகுத்துறைக்கு மேற்குக் கரையோரமாகத் தார்ப்பாதை. களைத்த காலுக்கு இதம். ஆனால் சைக்கிள்கள் பின்னாலிருந்து வரும், வலது ஓரமாகவே நடங்கள்.

அடுத்த வாரம் பக்கத்துக் குன்றில் ரெட்வுட் காடு. அந்த மரங்கள் இந்த மண்ணுக்கே சொந்தமானவை. சான் பிரான்சிஸ்கோவைக் கட்டுவதற்காக 1860களுக்குள் ஏறக்குறைய மொத்தத்தையும் வெட்டித் தள்ளினார்கள்.