எட்டயபுரம் நிலமா, கடலா? காலநிலைத் தரவில் 'லொகேஷன்' ஏன் முக்கியம்?

எட்டயபுரத்தில் கடல் கிடையாது. கரிசல் மண், வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி விவசாயம். கடலைப் பார்க்கணும்னா வேம்பார் பக்கம் சுமார் 40 கி.மீ. போகணும். ஆனா, உலக அளவிலான பல காலநிலை மாதிரிகளில் எட்டயபுரமும் மன்னார் வளைகுடாவும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடலாம்.

அப்படின்னா, 'உங்க ஊரில் 2050-ல் வெப்பம் இவ்வளவு' என்று வரும் எண் வயலுக்கா, கடலுக்கா? இதற்கான பதில் தரவோடு சேர்ந்தே வரணும். அதுதான் மெட்டாடேட்டா.

மெட்டாடேட்டான்னா என்ன?

போனில் ஒரு போட்டோ எடுக்கிறீங்க. எங்கே, எப்போது எடுத்தது என்ற விவரமும் அதோடு பதிவாகும். படம் தரவு, அந்த விவரம் மெட்டாடேட்டா. 'வெப்பம் 29 டிகிரி' என்று மட்டும் இருந்தால் பயனில்லை. எந்த இடம், எந்த நாள், கடல் என்றால் எவ்வளவு ஆழம் என்பதும் வேணும்.

கட்டம் எவ்வளவு பெருசு?

காலநிலை மாதிரி பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு எண் தரும். உலக மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 100 கி.மீ. ஐரோப்பிய வானிலை மையத்தின் 'இ.ஆர்.ஏ-5' தரவில் அது 0.25 டிகிரி, அதாவது சுமார் 28 கி.மீ.

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. பெரிய கட்டத்தின் சராசரியில் இந்த 95 காணாமலே போய்விடும்.

கடலோரக் கட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் மெதுவாகத்தான் சூடாகும். கட்டத்தில் பெரும்பகுதி கடல் என்றால், பகல் வெப்பம் நிலத்தில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். கட்டத்தில் நிலம் எத்தனை சதவீதம் என்ற விவரம் பெரும்பாலும் தனி ஃபைலாக வரும். அதைத் திறந்து பார்க்காமல் எட்டயபுரத்துக்குப் பயிர்த் திட்டம் போட்டால், கணக்கு அங்கேயே தப்பிவிடும்.

ஒரு புள்ளி மாறினால்?

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் இருப்பது வட அட்சரேகை 8 டிகிரி 45 நிமிடத்தில். 60 நிமிடம் ஒரு டிகிரி என்பதால், தசமத்தில் இது 8.75. அவசரத்தில் 8.45 என்று பதிந்தால், துறைமுகம் 30 கி.மீ.க்கு மேல் தெற்கே, திருச்செந்தூர் பக்கம் போய்விடும்.

துறைமுகத்தின் தீர்க்கரேகை சுமார் 78.2. அட்சரேகை இடத்தில் இதையும், தீர்க்கரேகை இடத்தில் 8.75-ஐயும் மாற்றிப் போட்டால்? தூத்துக்குடி நேராக ஆர்க்டிக் பகுதிக்கு, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே போய் நிற்கும்!

தீர்வு என்ன?

இதற்காகவே 'சி.எஃப்.' என்ற பொது விதிமுறை இருக்கு. முதல் பதிப்பு 2003-ல் வந்தது. உலகம் முழுக்கக் கடல், காலநிலைத் தரவு பெரும்பாலும் 'நெட்சிடிஎஃப்' ஃபைல்களில்தான் பகிரப்படுகிறது. அதில் எந்த எண் 'வடக்கு டிகிரி', எது 'கிழக்கு டிகிரி' என்று அலகோடு எழுதணும். கட்டத்தின் எல்லைகளையும் குறிக்க வழி உண்டு என்கிறது இந்த விதிமுறை.

ஊர்ப்பெயர் மட்டும் போதாதா? முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் பாரின் பெயரைச் சொன்னாலே இடம் தெரிந்தவர்களுக்குப் புரியும். கம்ப்யூட்டருக்குப் புரியாது. 'மன்னார் வளைகுடா' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எண்ணில் சொன்னால்தான் அது கணக்குப் போடும்.

அதே எண்ணை மீனவருக்குச் சொல்லும்போது மறுபடி ஊர்ப்பெயர் வேணும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் அலை எச்சரிக்கை தரும்போது, எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை என்று கரைப்பகுதியைக் குறிப்பிடுவது இதனால்தான். பின்னால் இருக்கும் எண் தப்பினால், எச்சரிக்கை வேறு கரைக்குப் போய்விடும்.

நீங்க என்ன கேட்கணும்?

'உங்க ஊரின் காலநிலை' என்று ஏதாவது மேப் கண்ணில் பட்டால் மூணு கேள்வி கேளுங்க:

• இந்த எண் எந்தப் புள்ளிக்கு?
• கட்டம் எத்தனை கி.மீ.?
• அதில் நிலம் எவ்வளவு, கடல் எவ்வளவு?

மூணுக்கும் பதில் இல்லைன்னா, அது உங்க ஊர் எண்ணாக இல்லாமலும் இருக்கலாம்.