பேய்க்கதை என்று ஒதுக்க வேண்டாம்

ரயிலில் படிக்க ஒரு பாக்கெட் நாவல், அலமாரியில் வைக்க வேறு புத்தகம் என்று பிரித்தே நாம் பழகிவிட்டோம். நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் தீவிர இலக்கியம். மறுபக்கம் மர்ம நாவல், பேய்க்கதை, அறிவியல் புனைகதை. அண்மைக் காலத்தில் பல நாடுகளிலிருந்து ஆங்கிலத்தில் வந்திருக்கும் ஜனரஞ்சக நாவல்களையும் சிறுகதைத் தொகுப்புகளையும் படித்தால் இந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை என்பது விளங்கும். நேராகச் சொன்னால் பத்துப் பக்கத்தில் நாம் மூடி வைத்துவிடக்கூடிய விஷயங்களைக் கடைசி வரை உட்காரவைத்துக் கேட்கச் செய்ய, கொலையும் பேயும் எந்திரமும் இந்த எழுத்தாளர்களுக்குக் கைகொடுக்கின்றன.

முதலில் நம் பக்கத்துத் தீவு. இலங்கையின் ஷெஹான் கருணாதிலக எழுதி 2022இல் புக்கர் பரிசு பெற்ற ‘தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்தா’ ஒரே நேரத்தில் பேய்க்கதையும் துப்பறியும் கதையும் ஆகும். கதை நடப்பது 1990இல், கொழும்பில். போர்க்காலப் புகைப்படக்காரன் மாலிக்கு நினைவு திரும்பும்போது அவன் செத்துப்போயிருக்கிறான். உடல் பெய்ரா ஏரியில் கிடக்கிறது. செத்தவர்கள் போய்ச் சேரும் இடத்திலும் வரிசை, கூச்சல், கவுண்டர். ஏழு நிலவுகள் மட்டுமே அவனுக்கு அவகாசம். அதற்குள் தன்னைக் கொன்றது யார் என்று தெரிய வேண்டும்; கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்த படங்களை உயிரோடு இருக்கும் நண்பர்களிடம் சேர்க்க வேண்டும். அந்தப் படங்களில் 1983 ஜூலைக் கலவரமும் இருக்கிறது. கொலையாளி யார் என்ற ஒற்றைக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகும் வாசகர், அரசுப் படை, ஜே.வி.பி., புலிகள், இந்திய அமைதிப்படை என்று அன்று துப்பாக்கி ஏந்திய எல்லாத் தரப்பின் கைகளிலும் இரத்தத்தைப் பார்த்துவிடுகிறார். மேலுலகில் மாலி சந்திக்கும் டாக்டர் ராணி, கொல்லப்பட்ட தமிழ் விரிவுரையாளர். 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவர் ராஜினி திராணகமவை நினைக்காமல் அந்தப் பாத்திரத்தைக் கடந்து போக நம்மால் முடியாது. ஒரு மனித உரிமை அறிக்கையைத் திறக்கவே அஞ்சுகிறவர்கூட இந்த நாவலை முடித்துவிட்டுத்தான் வைப்பார்.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். பிறர் பட்ட துயரத்தை விறுவிறுப்புக்குத் தீனியாக்கலாமா? கூடாதுதான். அப்படி ஆக்கும் புத்தகங்களும் ஏராளம். அவற்றை இனங்காண ஒரு வழி உண்டு. குற்றவாளி பிடிபட்டவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை சொன்னால், அங்கே துயரம் வெறும் தீனி. முடிச்சு அவிழ்ந்த பிறகும் வலி அப்படியே நின்றால், முடிச்சு அந்த வலிக்கு வேலை செய்திருக்கிறது. தன்னைக் கொன்றது யார் என்று தெரிந்துகொள்வதால் மாலிக்கோ அவன் நாட்டுக்கோ விடிவு வந்துவிடுவதில்லை. நைஜீரியாவின் ஒயிங்கன் பிரெய்த்வெயிட் 2018இல் வெளியிட்ட ‘மை சிஸ்டர், தி சீரியல் கில்லர்’ இன்னும் துணிச்சலானது. கொலைகாரி யார் என்பது முதல் பக்கங்களிலேயே தெரிந்துவிடும். லாகோஸ் நகரில் நர்ஸாக இருக்கும் கொரேடேக்குத் தங்கையிடமிருந்து போன் வருகிறது. ஒருவனைக் கொன்றுவிட்டாளாம்; அவள் கொன்ற மூன்றாவது ஆண் அவன். அக்கா பிளீச்சோடு கிளம்பிப்போய்க் குளியலறையைத் தேய்த்துக் கழுவுகிறாள். இருவருமாகப் பிணத்தைப் பாலத்திலிருந்து தண்ணீரில் தள்ளுகிறார்கள். தங்கை கையில் இருக்கும் கத்தி அப்பாவுடையது. அந்த அப்பா வீட்டில் எப்படிப்பட்டவர் என்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்போது, கொலை செய்தது யார் என்பதைவிட இந்தப் பெண்களை இப்படி ஆக்கியது எது என்பதே நம்மை உறுத்தத் தொடங்குகிறது. மிகச் சிறிய அத்தியாயங்கள். ஓரிரு நாளில் முடித்துவிடலாம்.

கதை வடிவம் இப்படி வலிக்கு வேலை செய்வது பேய்க்கதைகளில் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. அர்ஜென்டினாவின் மரியானா என்ரிக்கெஸ் எழுதிய ‘திங்ஸ் வீ லாஸ்ட் இன் தி ஃபயர்’ தொகுப்பில் ஒரு கதை ரியாச்சுவேலோ ஆற்றங்கரையில் நடக்கிறது. புவெனஸ் அய்ரெஸ் நகரின் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த ஆறு அது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் பாலாறு பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு அந்தக் கரை அந்நியமாக இருக்காது. சேரிப் பையன்கள் இருவரைப் போலீஸார் அந்தத் தண்ணீரில் தள்ளிய வழக்கை ஒரு பெண் அரசு வழக்கறிஞர் விசாரிக்கப் போகிறார். செத்தவர்களில் ஒருவன் திரும்பி வந்துவிட்டான் என்று தகவல் வருகிறது. பேய் வருவதற்கு முன்பே நாம் பயந்துவிடுகிறோம், ஆற்றையும் போலீஸையும் பார்த்து. தென்கொரியாவின் போரா சுங் எழுதி, ஆன்டன் ஹர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ‘கர்ஸ்டு பன்னி’ 2022இல் சர்வதேச புக்கர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் தலைப்புக் கதையில், நேர்மையாக மது வடித்துவந்த ஒரு குடும்பத்தைப் பெரிய கம்பெனி அவதூறு பரப்பி அழிக்கிறது. சட்டத்தில் வழியில்லை. நண்பனுக்காகப் பழிவாங்க ஒருவர் முயல் வடிவத்தில் சூனிய விளக்கு செய்கிறார். அந்த முயல் முதலில் கம்பெனியின் காகிதங்களைக் கடிக்கிறது, பிறகு முதலாளியின் பேரன் வரை போகிறது. சூனியம் குற்றமற்ற குழந்தையையும் விட்டுவைக்காது என்ற இடத்தில் கதை நம் பழிவாங்கும் ஆசையையே நம்மிடம் திருப்பிக் காட்டுகிறது.

இந்த வகைக் கதைகள் எல்லாம் ஒரே அச்சு என்பார்கள். மர்ம நாவலில் முடிச்சும் அவிழ்ப்பும் இருந்தே ஆக வேண்டும் என்பது உண்மை. வெண்பாவுக்கும் தளை உண்டு. அதனால் எல்லா வெண்பாவும் ஒன்றாகிவிடவில்லை. ஜப்பானில் இந்த வகை எழுத்துக்கு மரியாதை முறைப்படியே உண்டு. அங்கே 1935இல் இரண்டு பரிசுகள் ஒன்றாக நிறுவப்பட்டன: தூய இலக்கியத்துக்கு அகுதாகவா, ஜனரஞ்சக எழுத்துக்கு நவோகி. கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ நவோகி பரிசு பெற்ற நாவல். அதிலும் கொலையாளி யார் என்பது தொடக்கத்திலேயே தெரியும்.

அறிவியல் புனைகதை என்றதும் ராக்கெட்டை எதிர்பார்ப்பவர்கள் டெட் சியாங்கின் ‘எக்ஸ்ஹலேஷன்’ தொகுப்பை எடுத்துப் பார்க்க வேண்டும். 2019இல் வந்த இத்தொகுப்பில் ஒன்பது கதைகள். அவற்றில் நீளமான ‘தி லைஃப்சைக்கிள் ஆஃப் சாஃப்ட்வேர் ஆப்ஜெக்ட்ஸ்’ கதையில், மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்த ஒரு பெண் ஒரு கம்பெனிக்காகக் கணினி உயிர்களை வளர்க்கிறாள். கம்பெனி மூடப்படுகிறது, அவை வாழும் தளமும் காலாவதியாகிறது. வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போன பிறகும் சிலர் மட்டும் அவற்றைப் பிள்ளைகளைப் போல வளர்த்துவருகிறார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று நடக்கும் விவாதங்களில் பெரும்பாலும் காணாமல்போன ஒரு கேள்வியை, அதாவது உருவாக்கியவருக்கு உள்ள பொறுப்பை, இந்தக் கதை 2010இலேயே எழுப்பிவிட்டது.

இவையெல்லாம் ஆங்கிலத்தில்தானே, சாதாரண வாசகருக்கு எப்படி எட்டும் என்று கேட்டால் அது நியாயமான குறைதான். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே மேல்நாட்டுத் துப்பறியும் கதைகளைத் தழுவி எழுதி, தமிழில் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கினார்கள். உலகப் புகழ்பெற்ற தீவிர நாவல்களைத் தேடித்தேடி மொழிபெயர்க்கும் நம் பதிப்பகங்கள் என்ரிக்கெஸுக்கும் போரா சுங்குக்கும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும். ஆங்கிலம் ஓரளவு வாசிப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பிரெய்த்வெயிட்டில் தொடங்குங்கள், மாலி அல்மெய்தாவை அடுத்து எடுங்கள்.