இணை இயக்கக் காப்பு மின்னாக்கித் தொகுதி

இணை இயக்கக் காப்பு மின்னாக்கித் தொகுதி என்பது, பொது மின்வழங்கல் தடைப்படும்போது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மின்னாக்கிகள் ஒரே மின்கடத்திப் பட்டையுடன் இணைந்து ஒரு நிறுவனத்தின் மின்சுமையைப் பகிர்ந்து ஏற்கும் அமைப்பு ஆகும். மின்னாக்கி பேச்சு வழக்கில் ஜெனரேட்டர் எனவும், மின்கடத்திப் பட்டை பஸ்பார் எனவும் அழைக்கப்படுகின்றன. மருத்துவமனைகள், பெரிய விடுதிகள், குளிர்பதனக் கிடங்குகள் போன்றவற்றில் இவ்வமைப்பு பயன்படுகிறது.

இணைப்பதற்கான நிபந்தனைகள்

இணைக்கப்படும் மின்னாக்கிகளின் மின்னழுத்தம், அதிர்வெண், கட்ட வரிசை, கட்டக் கோணம் ஆகிய நான்கும் பொருந்தியிருத்தல் வேண்டும். இந்தியாவில் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் ஆகும். இதனைப் பெற நான்கு முனை மின்னாக்கி நிமிடத்துக்கு 1500 சுற்றுகள் சுழல்கிறது. பொருத்தம் இல்லாத கணத்தில் பிரேக்கரை மூடினால் மிகப்பெரிய மின்னோட்டம் பாய்ந்து, சுருணைகளும் சுழல்தண்டும் சேதமடையக்கூடும். தற்காலத்தில் மின்னணுக் கட்டுப்படுத்திகள் இப்பணியைத் தாமாகவே செய்கின்றன.

இணைந்த பின்னர், கிலோவாட் சுமைப் பங்கீடு எஞ்சின்களுக்குச் செல்லும் எரிபொருளின் அளவால் தீர்மானிக்கப்படுகிறது. ஓர் எஞ்சின் நின்றுவிட்டால், மற்றவை அதன் மின்னாக்கியை மோட்டாரைப் போலச் சுழற்றத் தொடங்கும். இதைத் தடுக்க எதிர்த்திசைத் திறன் ரிலே பொருத்தப்படுகிறது.

எண்ணிக்கையும் கொள்ளளவும்

எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனத்தின் உச்ச சுமை 360 கிலோவாட், இரவுச் சுமை 90 கிலோவாட் எனக் கொள்வோம். திறன் காரணி 0.8 எனில், 500 கேவிஏ மின்னாக்கி 400 கிலோவாட் தரும். ஆனால் இரவில் அது 23 விழுக்காட்டுக்கும் குறைவான சுமையில் இயங்கும். ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழ் நெடுநேரம் இயங்கும் டீசல் எஞ்சினில், முழுமையாக எரியாத எரிபொருளும் கரியும் படிகின்றன.

மாறாக, 250 கேவிஏ மின்னாக்கிகள் மூன்று இருந்தால், இரண்டு உச்ச சுமையைத் தாங்கும். ஒன்று உபரியாக இருக்கும். இரவில் ஒன்று மட்டும் 45 விழுக்காட்டுச் சுமையில் இயங்கும்.

இயங்கும் நேரமும் கருதப்பட வேண்டும். ஐ.எஸ்.ஓ 8528 தரத்தின்படி, அவசரக் காப்புத் தரமதிப்பு ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்கு மட்டுமே உரியது. 2012 இல் தமிழ்நாட்டில் நிலவியது போன்ற நீண்ட மின்வெட்டுக் காலங்களில் இவ்வரம்பு விரைவில் கடந்துவிடும். அத்தகைய நிலைக்கு முதன்மைத் தரமதிப்புடைய மின்னாக்கியே ஏற்றதாகும்.

மலைப்பகுதிகளில் தேர்வு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூர் போன்ற ஊர்களில், உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு திறனை இழக்கிறது. டீசலை மலைமேல் கொண்டுசெல்ல வேண்டியிருப்பதால் இருப்புத் தொட்டியின் அளவும் முக்கியமானது. கட்டுப்பாட்டுப் பலகையைப் பழுதுபார்க்கும் வல்லுநர் விரைவில் வர இயலாத இடத்தில், சிறிய விடுதி ஒன்றுக்கு, கைமாற்றுச் சுவிட்சுடன் கூடிய தனித்தனியான இரு மின்னாக்கிகளே போதுமானவை.

பொதுக் குறைகள்

மின்னாக்கிகளின் எண்ணிக்கை மட்டும் நம்பகத்தன்மையைத் தராது. அனைத்தும் ஒரே டீசல் தொட்டி, ஒரே தாழ்வான அறை, ஒரே மின்பலகை ஆகியவற்றைச் சார்ந்திருந்தால், ஒரே பழுது எல்லாவற்றையும் நிறுத்திவிடும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புக்குசிமா டாயிச்சி அணுமின் நிலையத்தில், ஆழிப்பேரலைக்குப் பிறகும் காற்றால் குளிர்விக்கப்படும் சில மின்னாக்கிகள் மூழ்காமல் இருந்தன. எனினும் அவற்றுள் இரண்டின் மின்பலகைகள் நீரில் மூழ்கியதால் மின்சாரத்தை வழங்க இயலவில்லை. 2015 டிசம்பரில் ஏற்பட்ட சென்னை வெள்ளத்திலும், தரைத்தளத்துக்குக் கீழே வைக்கப்பட்ட மின்னாக்கிகள் பயனற்றுப் போயின. எனவே மின்னாக்கிகளையும் மின்பலகையையும் வெள்ள மட்டத்துக்கு மேல் அமைப்பதும், எரிபொருள் வழிகளைப் பிரிப்பதும், உண்மையான சுமையுடன் அவ்வப்போது சோதிப்பதும் இன்றியமையாதவை.

பாதுகாப்பு

மின்னாக்கியின் மின்சாரம் பொது மின்கம்பிகளுக்குள் பின்னோக்கிப் பாய்ந்தால், கம்பத்தில் பணிபுரியும் ஊழியர் உயிரிழக்க நேரிடும். இரு மின்மூலங்களும் ஒருசேர இணையாதவாறு மாற்றுச் சுவிட்சில் இடைப்பூட்டு அமைக்கப்படுவது இதன் பொருட்டே ஆகும்.